ஒரு கண்டுபிடிப்பு, எத்தனை காப்புரிமை?

மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் முதல் அமெரிக்கக் காப்புரிமையைப் பெறவிருக்கிறது. கண்டுபிடிப்பை விளக்கும் அதே விவரக்குறிப்பை, ஒரு வரி மாற்றாமல், இரண்டாவது விண்ணப்பமாகப் போடுகிறது. மாறுவது, உரிமையின் எல்லையை வரையறுக்கும் கடைசிப் பக்கங்களின் உரிமைக்கோரல்கள் மட்டும்தான். சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து மறுப்புக் கடிதம் வருகிறது. அதில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும்: இடப்பக்கம் புதிய கோரல், வலப்பக்கம் ஏற்கெனவே வழங்கப்பட்ட காப்புரிமையின் கோரல். இரண்டும் சொல்லளவில் ஒன்றல்ல, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று எளிதில் தோன்றக்கூடியது என்று பரிசோதகர் எழுதியிருப்பார். இதுதான் இரட்டைக் காப்புரிமை மறுப்பு.

இதற்கு விண்ணப்பதாரர் தரப்பு எதிர்வாதம் எழுதுவது அரிது. 'டெர்மினல் டிஸ்கிளெய்மர்' என்ற ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு, 200 டாலருக்கும் குறைவான கட்டணத்தைக் கட்டினால் மறுப்பு விலகிவிடும். இரண்டாவது காப்புரிமை முதலாவது காலாவதியாகும் நாளிலேயே காலாவதியாகும் என்பதும், இரண்டும் ஒரே உரிமையாளர் கையில் இருக்கும்வரைதான் அதைச் செயல்படுத்த முடியும் என்பதும் அந்தப் படிவம் தரும் உறுதிமொழிகள். இருநூறு ஆண்டுகளாக நீதிமன்றங்கள் கட்டி வளர்த்த ஒரு தடை, நடைமுறையில் ஒரு கட்டண ரசீதாகச் சுருங்கியிருக்கிறது. மென்பொருள் துறையில் இது நல்ல விளைவைத் தரவில்லை என்பதே என் வாதம். அந்தப் படிவம் காலத்தைக் குறைக்கிறது, எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. மென்பொருளில் பொதுமக்களையும் போட்டியாளர்களையும் வாட்டுவது எண்ணிக்கைதான்.

தடையின் வேர் பழையது. 1819இல் மாசசூசெட்ஸில் ஆணி செய்யும் இயந்திரம் பற்றிய ஒடியோர்ன் வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி இதைத் தொட்டார். ஒரே கண்டுபிடிப்புக்கு ஒருவர் அடுத்தடுத்துக் காப்புரிமை வாங்கிக்கொண்டே போனால், சட்டம் கொடுத்த குறுகிய காலத் தனியுரிமை ஒரு நூற்றாண்டுக்கு நீண்டுவிடும் என்பது அவருடைய கவலை. 1894இல் மில்லர் எதிர் ஈகிள் வழக்கில், உழவுக் கருவியின் சுருள்வில் அமைப்புக்காக ஒரே கண்டுபிடிப்பாளருக்கு வழங்கப்பட்ட இரண்டு காப்புரிமைகளில் பிந்தியதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அப்போதெல்லாம் காப்புரிமையின் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து கணக்கிடப்பட்டது. அதனால் இரண்டாவதைத் தாமதமாக வாங்கினால் ஆயுள் தானாகவே நீளும். தடைக்குத் தெளிவான காரணம் இருந்தது.

இன்று அந்தத் தடைக்கு இரண்டு வடிவங்கள். ஒன்று, அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 101லிருந்தே வருவது: அதே கண்டுபிடிப்புக்கு இரண்டாவது காப்புரிமை இல்லவே இல்லை. இதற்கு எந்தப் படிவமும் மருந்தாகாது. மற்றொன்று நீதிமன்றங்கள் உருவாக்கியது: முதல் காப்புரிமையின் கோரலிலிருந்து எளிதில் தோன்றக்கூடிய வேறுபாட்டுக்கும் தனிக் காப்புரிமை கிடையாது. 1970இன் வோகல் தீர்ப்பு இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கேள்விகளை வகுத்தது. அது இறைச்சியைப் பொதிந்து வைக்கும் முறை பற்றிய வழக்கு. ஒரு கோரலை மீறாமல் மற்றொன்றை மீற முடியுமா? முடியும் என்றால் இரண்டும் 'ஒரே கண்டுபிடிப்பு' அல்ல. அடுத்து, ஒன்று மற்றொன்றின் எளிய மாற்றுருவமா?

மென்பொருள் விண்ணப்பங்கள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் வந்து மாட்டுகின்றன. காரணம், அவற்றின் கோரல்கள் எழுதப்படும் விதம். ஒரே தர்க்கத்தை முதலில் படிகள் கொண்ட ஒரு முறையாகக் கோருவார்கள். பிறகு அந்தப் படிகளைச் செய்யும் செயலியும் நினைவகமும் கொண்ட அமைப்பாகக் கோருவார்கள். அதன் பின் அந்த நிரல் பதிந்த சேமிப்பு ஊடகமாக. ஒரு தரவுத்தளத்தை எப்படித் தேடுவது என்பதுதான் கண்டுபிடிப்பு என்றால், மூன்றும் அந்தத் தேடலையே சொல்கின்றன. ஆனாலும் வோகல் சோதனையின் முதல் கேள்வியில் மூன்றும் தப்பிவிடும். நிரலைப் பதிந்த வட்டை விற்பவர் முறையைச் செய்யாமலே ஊடகக் கோரலை மீற முடியுமே! ஆகவே மறுப்பு எப்போதும் இரண்டாவது வகையாகவே வருகிறது. இரண்டாவது வகைக்கோ படிவம் உண்டு.

பரிசோதகரின் ஒப்பீட்டில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஒப்பிட வேண்டியது கோரலோடு கோரலை. முந்தைய காப்புரிமையின் விவரக்குறிப்பு முழுவதையும் ஏற்கெனவே வெளியான நுட்பம் போல எடுத்து வைத்துப் புதிய கோரலை மறுக்க முடியாது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அறிய மட்டும் விவரக்குறிப்பைத் திருப்பலாம். மறுப்புக் கடிதம் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய கோரலில் இல்லாத ஒரு படியை, 'விவரக்குறிப்பின் இன்ன பத்தியில் இருக்கிறது' என்று பரிசோதகர் நிரப்பியிருந்தால் அந்த மறுப்பு ஆட்டம் காணும். அங்கே படிவம் தேவையில்லை, வாதம் போதும்.

இன்னொரு காப்பும் உண்டு. முதல் விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகள் உள்ளன, பிரியுங்கள் என்று அலுவலகமே ஆணையிட்டிருந்தால், அப்படிப் பிரித்த விண்ணப்பத்துக்கு எதிராக முதலாவதைக் காட்டிப் பின்னர் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 121. அலுவலகம் பிரி என்று சொல்லிவிட்டு, பிரித்ததற்குத் தண்டிக்கக் கூடாது. ஆனால் அதே விவரக்குறிப்பை வைத்து நிறுவனம் தானாக விரும்பிப் போடும் தொடர் விண்ணப்பத்துக்கு இந்தக் காப்பு இல்லை. மென்பொருள் காப்புரிமைக் குடும்பங்களில் மிகுதி இந்தத் தானாகப் போடும் வகைதான்.

அது ஏன் மிகுதி? ஒரு விண்ணப்பத்தை எப்போதும் நிலுவையில் வைத்திருந்தால், போட்டியாளரின் மென்பொருள் சந்தைக்கு வந்த பிறகு அதைப் பார்த்துக் கோரல்களை எழுதலாம். விவரக்குறிப்பு அதற்கு ஆதாரம் தந்தால் போதும். இது முறைகேடு அல்ல என்று 1988இலேயே கிங்ஸ்டவுன் வழக்கில், காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சலவை இயந்திரத்தின் உறுப்பைப் பொறுத்தவரை இதன் வீச்சு சிறிது. மென்பொருளிலோ விவரக்குறிப்பு பொதுச்சொற்களால் ஆனது: பயனர் கருவி, சேவையகம், செய்தி, அடையாளம். இந்தச் சொற்களால் பத்தாண்டு கழித்து வரும் எதையும் விவரிக்கலாம்.

சிம்பிள்ஏர் எதிர் கூகுள் வழக்கு இதைப் படிப்படியாகக் காட்டுகிறது. கைப்பேசிகளுக்கு அறிவிப்புகளைத் தள்ளி அனுப்பும் முறை பற்றிய காப்புரிமைக் குடும்பம் அது. ஒரே விவரக்குறிப்பு, பல தொடர் விண்ணப்பங்கள், அவற்றுக்கு டெர்மினல் டிஸ்கிளெய்மர்கள். 2014இல் டெக்சஸ் நடுவர் குழு கூகுள் 8.5 கோடி டாலர் தர வேண்டும் என்றது. 2016இல் ஃபெடரல் சர்க்யூட் அதைத் தள்ளியது. கோரல்களைச் சரியாகப் படித்தால் மீறலே இல்லை என்றது. விவகாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். முடியவில்லை. அதே குடும்பத்தின் வேறு காப்புரிமை எண்களை வைத்து, அதே அறிவிப்புச் சேவையின் மேல் சிம்பிள்ஏர் மீண்டும் வழக்கிட்டது. நீங்களே படிவம் கொடுத்து இவை ஒன்றையொன்று ஒத்தவை என்று ஒப்புக்கொண்டீர்கள், ஆகவே முடிந்த வழக்கை மறுபடி எழுப்ப முடியாது என்று கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018இல் ஃபெடரல் சர்க்யூட் அந்தத் தள்ளுபடியை நீக்கியது. படிவம் கொடுத்தது ஒரு வலுவான குறிப்புதான், ஆனால் அதை வைத்து எந்த அனுமானத்துக்கும் வர முடியாது. கோரல்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்ட நுட்பமாக இந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். படிவம் கொடுப்பது ஒப்புதல் அல்ல என்பது 1991 முதல் இருந்துவரும் நிலைப்பாடு. ஆனால் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் விண்ணப்பதாரர் வேறுபாட்டை நிரூபிக்கத் தேவையில்லை, ஏனென்றால் படிவம் கொடுத்துவிட்டார். நீதிமன்றத்தில் ஒற்றுமையை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, ஏனென்றால் படிவம் ஒப்புதல் அல்ல. இந்த இரண்டு கோரல்களும் உண்மையில் வேறு வேறுதானா என்ற கேள்வியை யாரும் எங்கும் கேட்டு விடை காணாமலே இரண்டாவது எண் பிறந்துவிடுகிறது. ஒரே நிலத்துக்கு இரண்டு பத்திரம் பதிவாகி, இரண்டையும் ஒருவரே வைத்திருக்கலாம் என்று பதிவாளர் விட்டுவிட்டது போன்றது இது.

எதிர்த்து நிற்பவருக்கு ஒவ்வொரு எண்ணும் ஒரு தனிப் போர். அமெரிக்க அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஒரு காப்புரிமையை மறுபரிசீலனை செய்யக் கேட்டு மனுப்போட மட்டும் 2025 ஜனவரி முதல் 23,750 டாலர் கட்டணம். விசாரணைக்கு எடுத்துக்கொண்டால் அதற்குமேல் இன்னொரு தொகை. வழக்கறிஞர் செலவு தனி. ஐந்து காப்புரிமைகள் என்றால் ஐந்து மனுக்கள். அந்த ஐந்தும் ஒரே நாளில் காலாவதியாகும் என்ற உறுதிமொழியால் சிறு நிறுவனத்துக்கு என்ன ஆறுதல்? இருபது ஆண்டு ஆயுளின் கடைசி இரண்டு ஆண்டுகள் மருந்துத் துறையில் பெரும் செல்வம். ஒரு மாத்திரையின் விலை காப்புரிமை முடியும் நாளில்தான் விழுகிறது. அறிவிப்பு அனுப்பும் மென்பொருளில் அந்தக் கடைசி ஆண்டுகளின் மதிப்பு பெரும்பாலும் சொற்பம், அதற்குள் தொழில்நுட்பமே மாறிவிட்டிருக்கும். காலத்தைத் துறப்பவர் மதிப்பில்லாத ஒன்றைத் துறந்து, மதிப்புள்ள எண்ணிக்கையைப் பெற்றுக்கொள்கிறார்.

இந்த எண்ணிக்கை வெறும் பெயரளவுதான் என்பதற்கு ஆலிஸ் வழக்கே சாட்சி. இடைநிலையர் ஒருவர் மூலம் நிதிப் பரிமாற்றத்தின் இடரைக் குறைக்கும் திட்டத்துக்கு ஆலிஸ் நிறுவனத்திடம் நான்கு காப்புரிமைகள் இருந்தன: சிலவற்றில் முறை, சிலவற்றில் அமைப்பு, ஊடகம். 2014 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் முறைக் கோரல்களை ஆராய்ந்து, அவை கணினியில் ஏற்றிய அருவமான கருத்து, காப்புரிமைக்குத் தகுதியற்றவை என்றது. அமைப்புக் கோரல்களும் ஊடகக் கோரல்களும் அதே காரணத்தால் கூடவே விழுந்தன. நீதிமன்றத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது அலுவலகத்தின் ஏட்டில் நான்கு எண்களாக இருந்தது. தகுதி பற்றிய கேள்வியில் கோரலின் உருவத்தைத் தாண்டி உள்ளே பார்க்க முடிந்த சட்டம், இரட்டைக் காப்புரிமையில் மட்டும் உருவத்தோடு ஏன் நின்றுவிட வேண்டும்?

காலம் பற்றிய சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஜூன் 8 முதல் போடப்பட்ட விண்ணப்பங்களுக்கு ஆயுள், குடும்பத்தின் முதல் தாக்கலிலிருந்து 20 ஆண்டு. அதனால் தொடர் விண்ணப்பம் எப்போது வழங்கப்பட்டாலும் ஒரே நாளில் முடியும். ஸ்டோரியின் பழைய கவலை பெருமளவு தீர்ந்தது. அந்த நாளுக்கு முன்பு நடந்த ஓட்டத்தைப் பாருங்கள். நுண்செயலித் துறையின் கில்பர்ட் ஹயாட் அதற்கு முந்தைய மாதங்களில் 381 விண்ணப்பங்களைப் போட்டார். அவை முந்தைய 11 விண்ணப்பங்களின் நகல்கள். பின்னர் அவற்றில் கோரல்கள் ஏறத்தாழ 1,15,000 ஆகப் பெருகின. 2021இல் ஃபெடரல் சர்க்யூட் இதை, நியாயமற்ற தாமதம் என்ற வேறொரு கோட்பாட்டின் கீழ் கண்டித்தது. இரட்டைக் காப்புரிமைக் கோட்பாடு தனித்து நின்று அந்தக் குவியலைத் தடுத்திருக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

1995க்குப் பின்னும் ஒரு கசிவு எஞ்சியது. அலுவலகம் தாமதித்தால் அந்த நாட்களை ஆயுளோடு கூட்டித் தரும் ஏற்பாடு அது. ஒரே குடும்பத்தில் ஒரு காப்புரிமைக்கு நாட்கள் கூடி மற்றொன்றுக்குக் கூடாவிட்டால் முடிவு நாட்கள் விலகும். 2023 ஆகஸ்டில் செலெக்ட் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட், கூட்டிய நாட்களையும் சேர்த்தே இரட்டைக் காப்புரிமையைக் கணக்கிட வேண்டும் என்றது. கேமரா உணரிகள் பற்றிய அந்தக் காப்புரிமைகளுக்கு முதல் பரிசோதனையில் யாரும் இந்த மறுப்பை எழுப்பவில்லை. மறுபரிசோதனையில்தான் எழுந்தது. அதற்குள் அவை காலாவதியாகியிருந்ததால் படிவம் கொடுத்துக் காப்பாற்றவும் வழியில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அல்லெர்கன் வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் பின்வாங்கியது: குடும்பத்தில் முதலில் தாக்கலாகி முதலில் வழங்கப்பட்ட காப்புரிமையை, பிந்திய உடன்பிறப்பைக் காட்டிச் செல்லாததாக்க முடியாது. முதல் விண்ணப்பமே தலை, மற்றவை அதற்கு அடங்கும் என்ற இந்த வரையறை எனக்கு நியாயமாகப் படுகிறது.

எண்ணிக்கையின் பக்கம் கைவைக்க அண்மையில் ஒரு முறை முயன்றார்கள். 2024 மே மாதம் அமெரிக்க அலுவலகம் ஒரு விதியை முன்மொழிந்தது. படிவத்தால் கட்டப்பட்ட காப்புரிமைகளில் ஒன்றின் ஒரு கோரலாவது செல்லாதென்று முடிவானால், அதோடு கட்டப்பட்டதையும் செயல்படுத்த முடியாது என்று விண்ணப்பதாரர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நோய் இருக்கும் இடத்தில் மருந்து வைத்த விதி அது. வேறுபாடு உண்டு என்று காட்டாமல் உள்ளே வந்தவை, விழும்போதும் சேர்ந்தே விழட்டும். வேறுபாடு உண்டு என்று நம்புகிறவர் படிவத்தைத் தவிர்த்து வாதாடட்டும். பெருநிறுவனங்களும் காப்புரிமை வழக்கறிஞர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு கோரல் விழுந்தால் முழுக் காப்புரிமையும் முடங்குவது மிகை என்ற அவர்களது வாதத்தில் உண்மை இருந்தது. கோரல் அளவில் அதைத் திருத்தியிருக்கலாம். ஆனால் டிசம்பரில் விதி முழுவதையுமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது கட்டணம்: முதல் தாக்கலிலிருந்து ஆறு ஆண்டு கழித்துப் போடும் தொடர் விண்ணப்பத்துக்கு 2,700 டாலர், ஒன்பது ஆண்டு கழித்தென்றால் 4,000. பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

படிவம் சிறு நிறுவனத்தைத் திருப்பிக் கடிக்கவும் செய்யும். ஒரே உரிமையாளர் என்ற நிபந்தனையை மறந்து, இரண்டில் ஒன்றை மட்டும் விற்றால் படிவம் கொடுத்த காப்புரிமை செயலிழக்கும். காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு படிவத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. வேலை மாறிய பொறியாளர் பெயர் இரண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்களில் இருந்தால் நிலை இன்னும் மோசம்: 2013இன் ஹப்பல் தீர்ப்பின்படி பொதுவான கண்டுபிடிப்பாளர் இருந்தாலே மறுப்பு வரலாம், உரிமையாளர் வேறு என்பதால் படிவமும் கொடுக்க முடியாது.

ஐரோப்பா வேறு பாதை. அங்கே காப்புரிமை உடன்படிக்கையில் இரட்டைக் காப்புரிமைக்கு வெளிப்படையான தடையே இல்லை. 2021 ஜூனில் நெஸ்லே விண்ணப்பம் பற்றி ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் தந்த ஜி 4/19 முடிவில்தான், ஒரே விண்ணப்பதாரர் ஒரே பொருளுக்கு இரண்டாவது காப்புரிமை பெற முடியாது என்பது நடைமுறைக் கொள்கையாக உறுதியானது. ஆனால் அந்தத் தடை அச்சாக ஒன்றே ஆனவற்றுக்குத்தான். கோரலைச் சற்று மாற்றினால் தப்பலாம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2000இல் சலவை இயந்திரம் பற்றிய வேர்ல்பூல் வழக்கில் எளிய மாற்றுருவங்களையும் தடைக்குள் கொண்டுவந்தது.

இந்தியாவில் படிவம் கிடையாது, அது நமக்கு நல்லதே. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 46(2) ஒரு காப்புரிமை ஒரே கண்டுபிடிப்புக்குத்தான் என்கிறது. பிரிவு 16(3) மூல விண்ணப்பத்தில் கோரிய பொருளை, அதிலிருந்து பிரித்துப் போடும் 'பிரிவு விண்ணப்பத்தில்' மீண்டும் கோராதபடி திருத்தச் சொல்லும் அதிகாரத்தைக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளருக்குத் தருகிறது. 2021 ஜூலையில் அஸ்ட்ராசெனெகா வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, டபாக்லிஃப்ளோசின் மருந்தை இரண்டு காப்புரிமைகளின் கீழ் காத்துக்கொள்ள முயன்றதை ஏற்கவில்லை; ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு காப்புரிமைதான் என்றது. மருந்து வழக்கு என்றாலும் தர்க்கம் மென்பொருளுக்கும் பொருந்தும். பெங்களூரு, ஹைதராபாத், சென்னை நிறுவனங்களின் இந்திய விண்ணப்பங்கள் வந்து சேர்வது கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு என்பதால், இந்தத் தர்க்கத்தை மென்பொருளில் பயன்படுத்திக் காட்டும் பொறுப்பும் பெருமளவு அந்த அலுவலகத்துக்கே. இதுவரை பிரிவு 3(k)இன் கீழ் 'வெறும் கணினி நிரல்' என்ற தடையே விவாதத்தை விழுங்கிவிடுகிறது.

சட்டத்தில் ஏற்கெனவே ஒரு நேர்மையான வாசலும் இருக்கிறது: பிரிவு 54இன் கூடுதல் காப்புரிமை. மூலக் கண்டுபிடிப்பின் மேம்பாட்டுக்கு, அதைக் காட்டிலும் புத்தாக்கப் படி இல்லாவிட்டாலும் இது கிடைக்கும் என்கிறது பிரிவு 56. மூலத்தோடு சேர்ந்து காலாவதியாகும், தனியாகப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. விண்ணப்பதாரர் தொடக்கத்திலேயே, இது என் பழைய கண்டுபிடிப்பின் நீட்சிதான் என்று வெளிப்படையாகச் சொல்லி வருகிறார். அமெரிக்கப் படிவம் மறைக்கும் உறவை இது ஏட்டிலேயே எழுதி வைக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் இதைக் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் காற்று வேறு பக்கம் வீசுகிறது. பிரிவு விண்ணப்பம் போட, மூலத்தின் கோரல்களிலேயே பல கண்டுபிடிப்புகள் இருக்க வேண்டும் என்று 2022இல் போரிங்கர் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கூறியிருந்தார். 2023 அக்டோபரில் சின்ஜென்டா வழக்கில் அமர்வு அதை மாற்றி, விவரக்குறிப்பில் இருந்தாலே போதும் என்றது. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் தற்காலிக விவரக்குறிப்பில் வெளிப்படுத்திய கண்டுபிடிப்புக்கும் பிரிவு விண்ணப்பத்தை அனுமதித்தது. உண்மையிலேயே பல கண்டுபிடிப்புகளைச் செய்தவருக்கு இது நியாயம். கூடவே, ஒரே விவரக்குறிப்பிலிருந்து கோரல்களை மாற்றி மாற்றி எடுக்கும் அமெரிக்கப் பழக்கத்துக்கும் கதவு அகலமாகிறது. அப்படி வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மூலத்தின் கோரலையும் புதிய கோரலையும் அருகருகே வைத்து, வேறுபாடு எந்தப் படியில் இருக்கிறது, அந்த வேறுபாடு நுட்பத்திலா அல்லது செயலி, நினைவகம், ஊடகம் என்ற மேலுறையிலா என்று கட்டுப்பாட்டாளர் தன் ஆணையில் எழுத வேண்டும். மேலுறையில் மட்டும் என்றால் பிரிவு 46(2)ஐக் காட்டி மறுக்க வேண்டும்.